இழுவைக் கணக்கு

கிராஸ்ஓவர் கார் விளம்பரங்களைப் பார்த்தால், அந்த வண்டிகள் ஊருக்குள்ளேயே வருவதில்லை என்றுதான் தோன்றும். ஆற்றில் இறங்கும், பாறையில் ஏறும், மலை உச்சியில் போய் நின்று சூரிய உதயம் பார்க்கும். வாங்கியவர்கள் அதில் கத்தரிக்காய் வாங்கப் போவார்கள். நாங்களும் கனடாவின் ஸ்கார்பரோவில் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் படித்து முடித்து வேறு ஊர்களுக்குப் போன பிறகு, ஒரு சின்ன கேம்பரை வாங்கிக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு அல்கொன்குவின் பூங்காவுக்குப் போகலாம் என்று எனக்கு ஆசை வந்தது. மனைவிக்கு வரவில்லை. கேம்பரிலேயே அடுப்பும் மேடையும் இருக்கும் என்றதும், "அப்ப போய்ப் பார்க்கலாம்" என்றாள்.

கார்க் கையேட்டில் இழுவைத் திறன் என்று ஒரு பக்கம் உண்டு. விற்கிறவர்கள் புரட்டிக் காட்டாத பக்கம் அது. எங்களுடையது 2019 மாடல் சுபாரு ஃபாரெஸ்டர். 1,500 பவுண்டு இழுக்கலாம் என்று போட்டிருந்தது. கிலோவில் 680. மெல்போர்னில் இருக்கும் மைத்துனனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "என்ன அத்தான், என்கிட்டயும் அதே கார், அதே வருஷம். இங்க 1,500 கிலோன்னு போட்டிருக்கானே!" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். எண் ஒன்று, அளவைதான் வேறு. பசிபிக் பெருங்கடலைத் தாண்டியதும் அதே வண்டிக்கு இரண்டு மடங்குக்கு மேல் பலம் வந்துவிடுகிறது. இந்த எண் எஞ்சினின் தெம்பை மட்டும் வைத்துப் போடுவதல்ல. கியர்பாக்ஸ் எவ்வளவு சூடு தாங்கும், பிரேக் பிடிக்குமா, அந்த நாட்டில் எந்த வேகத்தில் ஓட்டுவார்கள், வாரன்டியில் எவ்வளவு தலையில் விழும் என்று கம்பெனிக்காரர்கள் பல கவலைகளைக் கூட்டிக் கழித்துப் போடுவது. இதை மனைவியிடம் விளக்கினேன். "என் தம்பி இழுக்கறான், உங்களால முடியல" என்று ஒரே வரியில் சுருக்கிவிட்டாள். ஒன்டாரியோவில் விபத்து நடந்தால், மெல்போர்ன் மைத்துனன் சொன்னான் என்று இன்சூரன்ஸ்காரரிடம் சொல்ல முடியாது. ஆகவே விரலுக்கேற்ற வீக்கம் என்று முடிவு செய்தேன்.

முதலில் என் கண் போனது போலர் என்னும் முட்டை வடிவக் கேம்பர் மேல். 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கியது. முழுக்க ஃபைபர்கிளாஸ், 13 அடி நீளம், எடை குறைவு. பழைய வண்டிகளை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதன் வரலாற்றை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், ஒலெக்கோ அதற்கு முன்னால் கான்கிரீட்டை விட இலேசான ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க் செய்துகொண்டிருந்தவர், அதிலிருந்துதான் கேம்பர் யோசனையே பிறந்தது என்பதையும் சொன்னேன். "செப்டிக் டேங்கோட தம்பிக்குள்ள உக்காந்து நான் சமைக்கணுமா?" என்றாள். போலர் படலம் அத்தோடு முடிந்தது.

கடைசியில் வாங்கியது டியர்டிராப். 1930-களில் அமெரிக்காவில் பிறந்த கண்ணீர்த்துளி வடிவம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுக்களை. சமைக்கிறவர் வெட்டவெளியில் நின்றுகொண்டு சமைக்க வேண்டும். காலி எடை 1,050 பவுண்டு என்றார் விற்றவர். மிச்சம் 450 பவுண்டு இருக்கிறதே என்று நான் மனக்கோட்டை கட்டினேன். காலி எடை என்றால் நிஜமாகவே காலி என்பது பிறகுதான் விளங்கும். பேட்டரி 50 பவுண்டு. புரோபேன் சிலிண்டரில் காஸ் 20 பவுண்டு, சிலிண்டர் தன் பங்குக்கு 17. நாற்பது லிட்டர் தண்ணீருக்கு 88. சாமான் ஒன்றுகூட ஏறவில்லை, அதற்குள் 1,225.

மிச்சமுள்ள 275 பவுண்டுக்குள் எங்கள் சமையலறையை அடக்க வேண்டும். பிரஷர் குக்கர், இரும்பு தோசைக்கல், இருபது பவுண்டு அரிசி மூட்டை, தேங்காய், உளுந்து, ஊறுகாய் ஜாடி என்று வாசலில் வரிசை கட்டி நின்றன. நான் எடை மெஷினை வைத்துக்கொண்டு கஸ்டம்ஸ் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். டேபிள் டாப் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம், காட்டில் எதற்கு கிரைண்டர் என்று கேட்டேன். "காட்டுல மட்டும் இட்லி எப்படி வரும்?" என்றாள். கிரைண்டருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கார் தாங்கும் சுமையில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் எடையும் சேரும் என்று பொதுவாக ஒரு தகவல் சொல்லிவைத்தேன். அவள் பதில் சொல்லவில்லை. என் தொந்தியைப் பார்த்துவிட்டு உளுந்து டப்பாவை வண்டியில் வைத்தாள்.

எவ்வளவு ஏற்றினோம் என்பதோடு விஷயம் முடிவதில்லை, எங்கே ஏற்றினோம் என்றும் பார்க்க வேண்டும். கேம்பரின் மூக்கு காரின் ஹிட்ச், அதாவது இணைப்புக் கொக்கி, மேல் அழுத்தும் எடை, கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வால் பக்கம் கனத்து, நெடுஞ்சாலையில் வண்டி பாம்பாட்டம் ஆடும். கூடினால் காரின் பின்பக்கம் குந்திவிடும். சாமான் எல்லாம் ஏறியபின் எங்களுடையது 1,400 பவுண்டு, அதற்கு மூக்கில் 140-ஆவது வேண்டும். இதை அளக்க விசேஷக் கருவி தேவையில்லை, குளியலறை எடை மெஷினே போதும். சமதரையில் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, மெஷினின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேம்பரின் மூக்கை மெதுவாக அதன் மேல் இறக்கினேன். குனிந்து பார்த்தால் 95.

காரணம் வெளிப்படை. அடுக்களை இருப்பது வாலில், சாமான் முழுக்கப் போயிருப்பதும் அங்கேதான். சமைக்கிறவளுக்கு எல்லாம் கைக்கு எட்ட வேண்டும். இயற்பியலுக்கோ அரிசி மூட்டை அச்சுக்கு முன்னால் வர வேண்டும். அரிசி, தண்ணீர் கேன், தோசைக்கல், டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் தூக்கி மெத்தையின் முன்பக்கம் அடுக்கிவிட்டு மறுபடி இறக்கினேன். முள் 150-இல் நின்றது. அவள் கதவு வழியாக எட்டிப் பார்த்து, "அரிசி படுத்தாச்சு. நாம எங்க படுக்கிறது?" என்றாள். போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிடலாம் என்று சமாதானம் சொன்னேன். அப்படியானால் போகும்போது தான் கேம்பரில் படுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். ஓடும் கேம்பருக்குள் ஆள் இருப்பது ஒன்டாரியோ சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு அவள் நன்றி சொன்னதாக நினைவில்லை.

பாதுகாப்புச் சங்கிலிகளைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே மாட்ட வேண்டும். ஹிட்ச் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் ஏந்திக்கொள்ளும். மாட்டினேன். பின்விளக்கு வயரைச் செருகினேன். 400-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டும்போது கேம்பர் முதலில் வெளியே தள்ளப்பட்டு, அடுத்த நொடி உள்ளே இழுபட்டது. இந்த மாதிரி நேரத்தில் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை வெட்டக் கூடாது, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே செய்தேன். இரண்டு குலுக்கலில் அடங்கிவிட்டது. "அரிசியை முன்னால வச்சது நல்லதாப் போச்சு" என்றாள், அது தன் யோசனை என்கிற தோரணையில்.

அல்கொன்குவின் 1893-இல் உருவான பூங்கா. 60-ஆம் நெடுஞ்சாலை அதன் ஊடாகவே போகிறது. ஏரி, மேப்பிள் மரம், மூஸ் எல்லாம் உண்டு. எங்களுக்கு அவற்றைவிட முக்கியமாக, எங்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்குள் கேம்பரைப் பின்னோக்கிச் செலுத்தும் வேலை இருந்தது. பெரிய கேம்பர்தான் ரிவர்ஸ் எடுக்கக் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மெதுவாகத் திரும்பும், திருத்திக்கொள்ள அவகாசம் தரும். சின்னது சடாரென்று மடங்கிக் காரோடு முட்டிக்கொள்ளும். டியர்டிராப் காரை விடக் குள்ளம், அகலமும் குறைவு. நேராக இருக்கிறவரை கண்ணாடியில் தெரியாது. தெரிந்தால் மடங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, கேம்பர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்பது பாடம். "உங்க லெஃப்டா, என் லெஃப்டா?" என்று பின்னால் நிற்கிறவர் கேட்டால் என்ன செய்வது என்று பாடத்தில் இல்லை.

எதிர்ப்புறம் பெரிய பிக்கப் டிரக்கோடு ஒரு தம்பதி, முப்பதடிக்குக் குறையாத கேரவனை இடத்தில் பொருத்தப் போராடிக்கொண்டிருந்தார்கள். கணவர் இறங்கிப் பார்ப்பார், ஏறுவார், மறுபடி இறங்குவார். அந்த அம்மாள் சைகை காட்டுவதை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். என் மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு, "ஏங்க, கழட்டுங்க" என்றாள். சங்கிலி, வயர், ஹிட்ச் எல்லாவற்றையும் கழற்றினேன். முன்னால் இருந்த சின்னச் சக்கரத்தை இறக்கினேன். தரை சமமாக, இறுகிய சரளையாக இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். கேம்பர் சமர்த்தாகப் போய் மரத்தடியில் நின்றது. எதிர்ப்புறத்துக் கணவர் டிரக்கை அணைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்கியதும் அவள் முதலில் செய்த காரியம், மெல்போர்னுக்குப் போன் போட்டதுதான். அங்கே விடியற்காலை.

"ஏண்டா, உன் ஆயிரத்தைந்நூறு கிலோவைக் கையால தள்ள முடியுமாடா?"