பூண்டு இலாகா

கையில் அரிப்பு என்று வாய் தவறிச் சொன்னால் போதும், நம்மூரில் முதலில் கைதாவது கத்திரிக்காய். அடுத்தது கருவாடு. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் தடை விழுந்தது. பக்கத்து வீட்டு அத்தை குப்பைமேனி அரைத்துக் கொண்டுவந்தார். மருந்துக் கடைத் தம்பி, "எல்லாத்துக்கும் கேக்கும்க்கா" என்று ஒரு ட்யூபை நீட்டினான். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் அதற்குள் கூட்டணி வைத்திருந்தன. தடவினால் அடங்கும், நிறுத்தினால் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும்.

தோல் டாக்டர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள்தான் படுமோசம். "பூண்டு உரிக்கிறது நீங்கதானா?" என்றார். நான் ஜாதகம் எதுவும் கொடுக்கவில்லை. வலது கை கத்தி பிடிக்கும், இடது கையின் அந்த மூன்று விரல்தான் பூண்டைப் பிடிக்கும். பூண்டிலுள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அங்கேதான் வெடிக்குமாம். முதுகில் பட்டை பட்டையாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, இன்னும் இரண்டு நாள் விட்டு மறுபடி பார்க்கும் பேட்ச் டெஸ்டிலும் பூண்டே மாட்டியது. கத்திரிக்காய்க்கு விடுதலை.

கையுறை போட்டு உரிக்கிறேன் என்றேன். இந்தச் சரக்கு சாதாரணக் கையுறையையும் ஊடுருவிவிடுமாம். "வேற யாராவது உரிக்கட்டும்" என்றார். கல்யாணமான நாளாக எந்த டாக்டரும் எனக்கு இப்படி ஒரு மருந்து எழுதித் தந்ததில்லை.

மற்ற வைத்தியமெல்லாம் சப்பென்று இருந்தது. கொஞ்ச நாளைக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பு. பிறகு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ். முதலில் மிளகாய் கிள்ளிய கைபோல எரியும், போகப் போகப் பழகும். வெந்நீர் கூடாது, வாசனை சோப்பு கூடாது. மோதிரத்தைக் கழற்ற வேண்டும். ஈரமும் சோப்பும் குடியிருப்பது அதன் அடியில்தான். கை நனைந்தபோதெல்லாம் ஒற்றித் துடைத்து வாசலின். இரவில் அதையே கெட்டியாக அப்பி, மேலே வெள்ளைப் பருத்திக் கையுறை. நடுராத்திரி எழுந்த கணவர், கட்டிலில் டிராஃபிக் போலீஸ் எதற்கு என்று ஒரு கணம் திகைத்து நின்றார்.

பாத்திரம் தேய்க்கவும் உள்ளே பருத்தி, வெளியே ரப்பர். வேர்த்தால் அதுவே வினை என்பதால் சீக்கிரம் முடித்துக் கழற்றிவிட வேண்டும். "நாங்க சாம்பல் போட்டுத் தேய்ச்சோம், எங்க கைக்கு என்ன வந்துச்சு?" என்றார் மாமியார். அவர் கையைப் பார்த்தேன். மேற்கொண்டு பேச்சை வளர்க்கவில்லை.

ரேஷன் கடையில்தான் மானம் போயிற்று. நுனித்தோல் உரிந்ததில் ரேகை விழவில்லை. "வேற விரல் வைங்கக்கா." வைத்தேன். "அடுத்த விரல்." போதாக்குறைக்கு வாசலின் வேறு. மெஷினைத் துடைத்துத் துடைத்துக் கடைக்காரர் சட்டை நுனி பளபளத்தது. பின்னால் வரிசை முணுமுணுக்க, என் அரிசி உள்ளேயே இருந்தது.

பூண்டு இப்போது கணவரின் இலாகா. டிவி விவாதம் ஒன்று முழுசாக முடிந்தால் ரசத்துக்கு நாலு பல் தேறும். நேற்று விளக்கடியில் உட்கார்ந்து விரல் நுனிகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் லேசா அரிக்கிற மாதிரி இருக்கு."

"எந்தக் கை?"

வலது கையை நீட்டினார்.