மணலுக்குக் கொஞ்சம் அழுக்கு வேணுங் கண்ணு

வா கண்ணு, உக்காரு. பொடக்காளியில நீச்சல்குளம் கட்டிப்போட்டயாமா? நல்லது. நாங்க சுரைக்குடுக்கையை முதுகுல கட்டிக் கெணத்துல குதிச்சோம். நீ நீலக் கல்லு பதிச்ச தொட்டியில குதி. ரெண்டுலயும் மூக்குல ஏறுறது தண்ணிதான். அதெல்லாம் நாங் குத்தஞ் சொல்லலை. இத்தனை காசைக் கொட்டியும் தண்ணி ஏன் கலங்கிக் கெடக்குது? அதைச் சொல்லு மொதல்ல.

போன்ல என்னமோ ஆப் வெச்சிருக்கற. தண்ணி எத்தனை சூடுன்னு சொல்லுது. ராத்திரி வெளக்கு ஊதாவா பச்சையான்னு கேக்குது. சரி, பில்டர் தலையில வட்டமா ஒரு கேஜ் இருக்குதே, அதுல முள்ளு எங்க நிக்குது? தெரியாதா? அப்பிடி ஒண்ணு இருக்கறதே இப்பத்தான் தெரியுமா? சுத்தம்.

மணல் பில்டருன்னா பெரிய சூச்சுமம் ஒண்ணுமில்லை. ஒரு பெரிய டிரம்மு. அதுக்குள்ள அரை மில்லிமீட்டருக்குச் சலிச்ச மணலு. மேல இருந்து தண்ணி எறங்குது, அழுக்கு மணலுக்குள்ள மாட்டிக்குது, தெளிஞ்ச தண்ணி அடியில கீறல் போட்ட பைப்பு வழியாக் குளத்துக்குப் போகுது. அம்புட்டுத்தான்.

இப்பக் கழுவுன மணலுதான் நல்லா வடிக்கும்னு நீ நெனைக்கற. அங்கதான் கோட்டை விட்ட. கழுவுன கையோட மணலுக்கு நடுவால சந்து பெருசா இருக்கும், பொடி அழுக்கு சுளுவா நழுவிரும். கொஞ்சம் அழுக்குத் தங்கிச் சந்தை அடைச்சாத்தான் பொடியும் மாட்டும். நீ என்ன பண்ற? தெனம் பல்லு வெளக்கறதுக்கு முந்தி பேக்வாஷ் போட்டு மணலைக் கழுவற. அடைக்கு வெச்ச முட்டையைத் தெனம் எடுத்துக் கழுவுனா குஞ்சு பொரிக்குமா? ஒவ்வொரு வாட்டியும் நூத்துக்கணக்குல லிட்டர் தண்ணி சாக்கடைக்குப் போகுது. டேங்கர்க்காரன் சிரிச்சுட்டே வர்றான். அவன் ஏன் சிரிக்க மாட்டான்?

கழுவி முடிச்சு மோட்டாரைப் போட்டதும் முள்ளு எங்க நிக்குதோ, அங்க மார்க்கர்ல ஒரு கோடு போடு. 12 பிஎஸ்ஐன்னு வெச்சுக்க. அதுக்கு மேல எட்டோ பத்தோ ஏறி 20, 22ன்னு காட்டுனாத்தான் கழுவோணும். அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு இரு. கஷ்டந்தான், எனக்குத் தெரியும்.

முள்ளு எறங்குச்சுன்னா அது வேற சீக்கு. போட்டாவுக்கு அழகா இருக்கும்னு கரையோரம் காயிதப்பூச் செடி வெச்சயே, அதும் வேலையாத்தான் இருக்கும். மோட்டாரை நிறுத்திப்போட்டு முன்னால இருக்கற கூடையைத் தொறந்து பாரு. ஊறிப்போன பூவு, ஒரு சடை பின்ற அளவுக்கு முடி, கொழந்தை தொலைச்ச கிளிப்பு, கூடவே ஒரு தவளை. தண்ணி எது வழியா வரும், சொல்லு? கூடையைத் தட்டிக் கழுவி மாட்டு. மூடியில கறுப்பா ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதுல மண்ணு ஒட்டியிருந்தாத் தொடை. வாசலினைத் தடவிப்போடாத, ரப்பரு ஊதிப்போகும். சிலிக்கான் கிரீஸ் தடவு.

நீலம் பச்சைன்னு வாயில நொழையாத பேருல பாட்டிலு வேற அடுக்கி வெச்சிருக்கற. பிஎச் 7.2ல இருந்து 7.6க்குள்ள நிக்குதா, குளோரின் 1ல இருந்து 3 பிபிஎம்முக்குள்ள இருக்குதா, அதைப் பாரு போதும். குளோரினைப் பொழுது சாஞ்சு போடு, பகல்ல போட்டா பாதியை வெயிலே தின்னுரும். அதையும் ஆசிட்டையும் ஒண்ணாக் கலந்துராத, மூச்சு முட்டிரும்.

ஒண்ணு கேக்கறன், கோவிச்சுக்காத. ஒறம்பரை வந்தா, "பாருங்க, மருந்து வாசம் மூக்கைத் தொளைக்குது, எங்க குளம் அம்புட்டுச் சுத்தம்"ங்கறயாமா? அது சுத்தத்து வாசமில்லை கண்ணு. குளோரினு, வேர்வை, பசங்க கமுக்கமா விட்ட மூத்தரம், மூணும் சேந்த வாசம். அதைப் புடிக்கற மணலு இன்னும் ஒலகத்துல இல்லை. எறங்கறதுக்கு முந்தி எல்லாத்தையும் கக்கூசுக்கு அனுப்பி, ஒரு வாளி தண்ணி ஊத்திக்கச் சொல்லு.

மணலை வருசா வருசம் மாத்தோணும்னு ஒருத்தன் வந்து சொல்லுவான். அவன் மணல் விக்கறவன். நல்ல சிலிக்கா மணலு அஞ்சாறு வருசம் தாங்கும். அதுக்காக, வீடு கட்டுன எம்-சாண்டு மிச்சம் கெடக்குதுன்னு அள்ளிப் போட்டுறாத. தூளெல்லாம் குளத்துக்கு வந்துரும்.

கழுவற நாள் வந்தா, மொதல்ல மோட்டாரை நிறுத்து, பொறவு வால்வுப் புடியைத் திருப்பு. ஓடற மோட்டாரோட திருப்பினயோ, உள்ள இருக்கற கேஸ்கெட்டு கிழிஞ்சுரும். கண்ணாடிக் குப்பியில தண்ணி தெளியற வரைக்கும் ரெண்டு மூணு நிமிசம் விடு. மறுபடியும் நிறுத்து. ரின்ஸுக்குத் திருப்பி அரை நிமிசம் ஓட்டு. இதைச் சோம்பேறித்தனத்துல விட்டுட்டா, கெளப்புன அழுக்கு நேரா உன்ற குளத்துக்கே வரும். பொறவு மோட்டாரை நிறுத்திப் புடியைப் பழையபடி பில்டருக்குத் திருப்பு.

இன்னிக்கு எட்டு மணி நேரம் ஓட விடு. நாலு நாளைக்கு வால்வுப் பக்கமே தலை வெச்சுப் படுக்காத. அப்பவும் கலங்கலாவே இருந்தா வா, பாக்கலாம். வர்றப்ப அந்த நீல பாட்டிலு வாங்கற காசுல ஒரு கவுளி வெத்தலை வாங்கியா.