ஸ்டார்ட் இமீடியட்லி

எண்பதுகளில் சென்னையில் ஓர் ஆங்கில நாளிதழின் வரி விளம்பரக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். வாடகைக்கு வீடு, மணமகள் தேவை, காணாமல் போன பாஸ்போர்ட், அப்புறம் சாவு. முதல் மூன்றுக்கும் வருகிறவர்கள் காசைப் பற்றிப் பேசுவார்கள். சாவுக்கு வருகிறவர்கள் சொல்லைப் பற்றிப் பேசுவார்கள். பெற்ற பிள்ளைகள் ஐஸுக்கும் மூங்கிலுக்கும் அலைந்துகொண்டிருப்பார்கள். ஆங்கிலம் தெரிந்த மருமகனோ மாடி வீட்டு பேங்க் மேனேஜரோதான் துண்டுச்சீட்டோடு வந்து நிற்பார்.

செத்துப்போனார் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல இத்தனை வழி உண்டா என்று அங்கேதான் தெரிந்தது. மயிலாப்பூர்ச் சீட்டுகளில் 'அட்டெய்ன்ட் த லோட்டஸ் ஃபீட்' இருக்கும். யாருடைய திருவடி, ஆச்சாரியனா பெருமாளா என்று மாமனும் மருமகனும் கவுன்ட்டரிலேயே தகராறு செய்ததுண்டு. வடக்கத்திக் குடும்பங்களுக்கு 'லெஃப்ட் ஃபார் ஹெவன்லி அபோட்', ஏதோ ஜி.டி. எக்ஸ்பிரஸில் ரிசர்வேஷன் ஆன மாதிரி. நாகர்கோவில் பக்கத்து சால்வேஷன் ஆர்மிக்காரர்கள் 'ப்ரமோட்டட் டு குளோரி' என்று எழுதித் தருவார்கள். 1865-இல் லண்டனில் வில்லியம் பூத் தொடங்கிய அந்தச் சபைக்கு ராணுவத்தைப் போலவே பதவிகள், சீருடைகள். அங்கே சாவும் ஒரு பதவி உயர்வு. பல வருஷமாக உயர்வே கிடைக்காத எங்கள் ஹெட் கிளார்க் அந்த வரியை ப்ரூஃப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் டிக் அடிப்பார்.

ஒருநாள் பெரம்பூர் ரயில்வே காலனியிலிருந்து ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் வந்தார். ரிட்டயர்டு ரயில் கார்டு. மனைவியின் பெயர், வயசு, அதற்கப்புறம் 'டைட்' என்று ஒரே சொல். மொட்டையாக இருக்கிறதே என்று, "பாஸ்ட் அவேன்னு போட்டுடலாமா சார்?" என்றேன்.

"பாஸ் ஆவறதுக்கு அவ என்ன பரிட்சையா எழுதினா மேன்? அவ எங்கயும் போகல. காசிமேட்டுக் கல்லறையில இருக்கா. டைட்னு போடு."

போட்டேன். வரியும் ஒன்று மிச்சமானது.

அவர் கேட்டு வாங்கிப்போன அந்த மொட்டைச் சொல்லே ஆங்கிலேயனுக்கு இரவல் என்று பிற்பாடு படித்தேன். 'டை' வைக்கிங்குகளின் வடபாஷையிலிருந்து வந்ததாக அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் சாவுக்கு இருந்த வினைகளில் ஒன்று 'ஸ்டியோர்ஃபன்'. அது தேய்ந்து 'ஸ்டார்வ்' ஆகி, இன்று வெறும் பட்டினியில் வந்து நிற்கிறது. ஆங்கிலோ-சாக்ஸன் குரோனிக்கிளைப் புரட்டினால் ராஜாக்களும் பிஷப்புகளும் பெரும்பாலும் சாவதில்லை, 'புறப்பட்டுப் போகிறார்கள்'. ஆக, சொந்தச் சொல்லில் சாவைச் சொல்ல எந்த ஜனத்துக்கும் வாய் வருவதில்லை போலிருக்கிறது. ஆங்கிலேயன் வைக்கிங்கிடம் கடன் வாங்கினான். நாம் அவனிடம் வாங்கினோம்.

கடன் வாங்கிய சொல்லும் கொஞ்ச காலத்தில் கூசத் தொடங்கிவிடும். உடனே மேலே ஒரு துணி போர்த்த வேண்டும். அந்தக் காலத்துக் கல்லறைகளில் 'டிபார்ட்டட் திஸ் லைஃப்'. விக்டோரியா ராணி காலத்தில் கறுப்பு ஓரம் போட்ட கடிதத்தாளில் 'ஃபெல் அஸ்லீப்'. கீழ்த்தட்டு ஜனங்களுக்கு இந்த மரியாதையெல்லாம் கட்டுப்படியாகாது. 1785-இல் ஃப்ரான்சிஸ் குரோஸ் தெருப்பேச்சுக்கு என்றே ஓர் அகராதி போட்டார். 'கிக் த பக்கெட்' அதில் ஏறிவிட்டது. அந்தப் பக்கெட் தண்ணீர் வாளியில்லை, அறுத்த பன்றியைக் காலைக் கட்டித் தொங்கவிடும் உத்தரம் என்று ஒரு விளக்கம் உண்டு. உயிர் போகும்போது பன்றி உதைத்தது அதைத்தான். 2007-இல் ஹாலிவுட்டில் 'த பக்கெட் லிஸ்ட்', அதாவது சாவதற்குள் செய்து பார்க்க வேண்டியவற்றின் பட்டியல், என்று ஒரு படம் வந்தது. அதிலிருந்து அந்தப் பன்றி உத்தரத்தை டிராவல் ஏஜென்டுகள் எடுத்துக்கொண்டார்கள். 'உங்கள் பக்கெட் லிஸ்டில் பாலித்தீவு உண்டா?' என்று எனக்கே எஸ்.எம்.எஸ். வருகிறது.

என்னைக் கேட்டால், இதில் நேர்மையானவர்கள் பிரிட்டிஷ் கடற்படைக் குமாஸ்தாக்கள்தான். கப்பலின் ஆள்கணக்குப் புத்தகத்தில் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவன் பெயருக்கு எதிரே 'டி', ஓடிப்போனவனுக்கு 'ஆர்', செத்தவனுக்கு 'டி.டி.'. டிஸ்சார்ஜ்ட் டெட், அதாவது செத்த வகையில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர். சம்பளக் கணக்கை முடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? அதே கப்பலின் மாலுமிகளுக்கோ அது போதவில்லை. அவர்களுக்குச் செத்தவன் கடலடியில் டேவி ஜோன்ஸ் என்ற பிசாசின் பெட்டிக்குள் போய்விட்டவன்.

முதல் உலகப்போரில் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களும் இப்படித்தான். பக்கத்தில் இருந்தவன் செத்தால் அவன் 'மேற்கே போய்விட்டான்', 'டெய்சிப் பூவை அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறான்'. தினமும் நடக்கிற விஷயத்துக்குத் தினமும் அழ முடியாது. நம்மூரில் 'மண்டையைப் போட்டான்', 'டிக்கெட் வாங்கிட்டான்' என்று சொல்வதை நாகரிகக் குறைவு என்பவர்கள் இதை யோசிக்கலாம்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது 1969-இல் பி.பி.சி.யில் வந்த, மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவின் கிளி நாடகம். செத்த கிளியை விற்ற கடைக்காரரிடம், அது செத்ததுதான் என்று ஜான் க்ளீஸ் விதவிதமாக அடுக்குவார். அதை அவரோடு சேர்ந்து எழுதிய கிரஹாம் சாப்மன் 1989-இல் இறந்தபோது, நினைவுக் கூட்டத்தில் க்ளீஸ் எழுந்து அதே அடுக்கைச் சாப்மனுக்கே வாசித்தார். கூட்டம் சிரித்தது. நம் இரங்கல் கூட்டங்களில் இது நடந்தால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

நமக்கு இந்த ஆங்கிலம் பெரும்பாலும் தந்தி வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. தபால்காரர் தந்தியோடு தெருவில் திரும்பினாலே ஒப்பாரி தொடங்கிவிடும். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட தந்திக்கும் ஒரு பாட்டம் அழுது முடித்த வீடுகள் உண்டு. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் வாசகம் நான்கே சொல்: 'ஃபாதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இமீடியட்லி'. இரக்கமுள்ள சித்தப்பாக்கள் 'எக்ஸ்பயர்ட்' போடும் இடத்தில் 'சீரியஸ்' போடுவார்கள், பையன் பம்பாயிலிருந்து அழாமல் வந்து சேரட்டும் என்று. நாளாக ஆக எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. 'சீரியஸ்' என்றால் எடுக்க நேரம் குறித்தாயிற்று என்று பொருள். நிஜமாகவே சீரியஸாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைப் பற்றித் தந்தி கொடுக்கத்தான் சொல் இல்லாமல் போயிற்று. திருவல்லிக்கேணி மேன்ஷன் பிரம்மச்சாரிகள் லீவுக்காக இதே தந்தியை ஊரிலிருந்து வரவழைப்பார்கள். "போன பொங்கலுக்கும் உங்கப்பா சீரியஸாத்தானே இருந்தாரு?" என்று கேட்டுக்கொண்டே ஹெட் கிளார்க் கையெழுத்துப் போடுவார்.

2013 ஜூலையில் தந்தி நின்றது. எக்ஸ்பயர்ட் நிற்கவில்லை. இங்கிலாந்தில் அந்தச் சொல் பெரும்பாலும் விசாவுக்கும் லைசென்சுக்கும் போய்விட்டது. இங்கே மாத்திரை அட்டையிலும் அதுதான், அதை விழுங்கியவருடைய கேஸ் ஷீட்டிலும் அதுதான். கொண்டுவரும்போதே உயிர் இல்லையென்றால் ஜி.எச்.சில் 'பிராட் டெட்'. அது சுத்தமான கடற்படை பாணி; எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சாவுக்கு மூன்றெழுத்துதான், ஆர்.ஐ.பி. லத்தீனில் எழுதினாலும் அதே மூன்றெழுத்து, ஆங்கிலத்தில் எழுதினாலும் அதே மூன்றெழுத்து என்பது அதற்குக் கிடைத்த அதிர்ஷ்டம். எரிக்கப்படுகிறவர் எங்கே கிடந்து ரெஸ்ட் எடுப்பார், ஓம் சாந்தி என்றுதான் போட வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து ஒரு மாமா ஒவ்வொரு சாவுக்கும் ஒரு நீண்ட பார்வர்டு அனுப்புகிறார். அதற்கும் நாலு பேர் ஆர்.ஐ.பி. போட்டுவிடுகிறார்கள். கல்லூரிக்குப் போகும் பேத்தி இன்னும் ஒரு படி மேலே. அவள் பார்க்கும் வீடியோக்களில் செத்தான், கொன்றான் என்ற சொல் வந்தால் கம்பெனிக்காரனின் சல்லடை பிடித்துக்கொள்ளுமாம். அதனால் 'அன்அலைவ்' என்கிறார்கள். பாதிரியாருக்கும் பாட்டிக்கும் பயந்து போர்த்திய துணியை இப்போது மெஷினுக்குப் பயந்து போர்த்துகிறோம்.

செத்ததைச் சொல்ல இவ்வளவு வைத்திருக்கிற பாஷையில், சாகவில்லை என்பதைச் சொல்ல எனக்கு அகப்பட்டது 'அலைவ்' ஒன்றுதான். அதையும் நான் சொன்னால் பி.எஃப். ஆபீஸ் நம்பாது. முன்பு பேங்குக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்று லைஃப் சர்டிஃபிகேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் லைஃப் சர்டிஃபிகேட் வந்தது. இப்போது போன் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாலே போதும், உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் வந்துவிடுகிறது. சிமிட்டியதிலிருந்து ஓராண்டு செல்லும், தவறினால் பென்ஷன் நிற்கும். பி.எஃப். ஆபீஸின் இ.பி.எஸ். பென்ஷன்தாரர்கள் இதற்காக நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், எந்த மாதத்திலும் கொடுக்கலாம்.