சத்தியமா கைத்தறிதாம்மா!

கேள்வி: 'சத்தியமா கைத்தறிதாம்மா' என்கிறார் தி.நகர் கடைக்காரர். பட்டுப்புடவை வாங்கலாமா?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: சத்தியம் அவரிடமே இருக்கட்டும். நீங்கள் புடவையைத் திருப்பிப் பாருங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காமலிருக்க ஊசி வைத்த கம்பால் இழுத்துப் பிடிப்பார்கள். அதன் துளைகள் ஓரத்தில் தெரியும். கை நகர்த்திய துளை கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றால் சந்தேகப்படுங்கள். காஞ்சிபுரம் கோர்வை என்றால் உடலும் கரையும் சேருமிடத்தை விரலால் தடவுங்கள். மூன்று நாடா ஓட்டி, இழையோடு இழை கோத்த இடம் அது. அந்த வேலைக்குத்தான் விலை.

பட்டு முத்திரையைக் காட்டினால் உடனே மயங்கிவிடாதீர்கள். அது இழைக்கான ஜாதகம். விசைத்தறிப் பட்டுக்கும் கிடைக்கும். கைத்தறி முத்திரை வேறு, அதைத் தனியாகக் கேளுங்கள். பட்டிழை எரிந்தால் முடி கருகும் வாடை வரும் என்பது உண்மை. அதற்காகத் தீப்பெட்டியோடு கடைக்குள் போக வேண்டாம், வெளியே அனுப்பிவிடுவார்கள்!

இத்தனை துப்பறிய நேரமில்லை என்றால் எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு. தள்ளுபடி எப்போது என்று கேட்டுக்கொண்டு போனால் பர்ஸ் பிழைக்கும்.

அப்படியே அண்ணா சாலை பூம்புகார் கைவினைக் கடையில் வெண்கலச் சிலையும் பார்க்கலாம். சுவாமிமலை வார்ப்பில் ஒவ்வொரு சிலைக்கும் மெழுகு உருகிப்போகும், மண் அச்சையும் உடைத்துவிடுவார்கள். ஆகவே எந்தக் கடையிலாவது அச்சு அசலாகப் பத்து நடராஜர் நின்றால், ஆடுவது அவரல்ல, கடைக்காரர்!