ஹிட்லருக்கு வந்த பல்வலி

1940 ஜூனில் பிரான்ஸ் மண்ணைக் கவ்வியதும், ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவுக்கு ஹிட்லர் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் சண்டைக்கு வரட்டுமா என்று தானாகவே தூது விட்டார். ஹிட்லர் சட்டை செய்யவில்லை. ஜெயித்த ஆட்டத்தில் பங்காளி எதற்கு?

அதற்குப் பிறகு பிரிட்டன் வானில் ஜெர்மன் விமானங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டன. பிரிட்டன் கையிலிருந்த ஜிப்ரால்டரைப் பிடிக்க ஸ்பெயின் தேவைப்பட்டது. பிராங்கோவுக்குக் கிராக்கி ஏறிவிட்டது.

அக்டோபர் 23, பிரெஞ்சு எல்லையில் ஆந்தாய் ரயில் நிலையம். ஐரோப்பாவை நடுங்கவைத்தவர் பிளாட்பாரத்தில் காத்திருக்க, பிராங்கோவின் ரயில் தாமதமாக வந்து சேர்ந்தது. வேண்டுமென்றே செய்த ராஜதந்திரம் என்று பக்தர்கள் பின்னாளில் பெருமையடித்தார்கள். உள்நாட்டுப் போரில் நொறுங்கிக் கிடந்த ஸ்பெயின் தண்டவாளத்துக்கு ராஜதந்திரம் எதற்கு?

பேச்சு ஹிட்லரின் ரயிலில். அந்த ரயிலின் பெயர் 'அமெரிக்கா'. மாப்பிள்ளை வீட்டார் சீர் லிஸ்ட் வாசிப்பதுபோல் பிராங்கோ ராகம் இழுத்தார்: ஜிப்ரால்டர், பிரெஞ்சு மொராக்கோ, அல்ஜீரியாவில் ஓரான், லட்சக்கணக்கான டன் கோதுமை, பெட்ரோல், பீரங்கி. வெளியுறவு மந்திரியாகக் கூட வந்திருந்தவர் சொந்தச் சகலை, செரானோ சூன்யேர். மொராக்கோவைத் தாரைவார்த்தால், மறுநாள் மோன்துவாரில் பார்க்கவேண்டிய தோற்ற பிரான்ஸின் தலைவர், கிழவர் பெத்தேன் முகத்தில் எப்படி முழிப்பது? ஹிட்லர் மென்று விழுங்கினார்.

இங்கிலாந்து விழுந்தாலும் ஆங்கிலேயர்கள் கனடாவுக்குப் போய் அமெரிக்கா துணையோடு சண்டை போடுவார்களே என்று பிராங்கோ அப்பாவியாகக் கேட்டாராம். ஹிட்லர் துள்ளி எழுந்தாராம், இனிப் பேசிப் பயனில்லை என்றாராம், பிறகு உட்கார்ந்துவிட்டாராம். இது ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் ஷ்மிட் எழுதிவைத்த கதை.

பல மணி நேரம் பேசிக் கிடைத்தது ஒரு ரகசியக் காகிதம்: ஸ்பெயின் போரில் சேரும், தேதி மட்டும் பிறகு கலந்து பேசி. டிசம்பரில் நாள் குறிக்க ஜெர்மன் உளவுத் தலைவர் கனாரிஸ் மத்ரிதுக்குப் போனார். நாட்டில் சோற்றுக்கே வழியில்லை, இப்போது தோதுப்படாது என்றார் பிராங்கோ. இதற்கிடையில் அவருடைய தளபதிகள் சிலருக்கு, சண்டைக்குப் போகாமலிருக்கவே பிரிட்டன் ரகசியமாகப் பணம் தள்ளிக்கொண்டிருந்தது. உலகத்தில் கிடைத்த ஆகச் சுகமான ராணுவ உத்தியோகம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆந்தாய் முடிந்த ஐந்தாம் நாள், அக்டோபர் 28, ஹிட்லர் புளோரன்ஸில் முசோலினியிடம் புலம்பினார்: அந்த ஆளோடு இன்னொரு தரம் பேசுவதைவிட மூன்று நாலு பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆறுதல் சொல்ல முசோலினிக்கு ஏது நேரம்? அன்று விடிகாலைதான் ஹிட்லரை ஒரு வார்த்தை கேட்காமல் கிரேக்கத்துக்குள் படையை இறக்கிவிட்டிருந்தார்.