உஸ்திகாவுக்குக் கப்பல் ஏறலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். உஸ்திகா தீவுக்குக் கூட்டிப் போகலாமா?
– வாசகி, ஸ்ஃபெர்ராகவால்லோ

பதில்: தாராளமாக! உங்கள் ஊர்த் துறையில் நிற்பவை மீன்பிடிப் படகுகள். உஸ்திகா கப்பலுக்குப் பலெர்மோ துறைமுகம்தான் போக வேண்டும். விரைவுப் படகு ஒன்றரை மணி நேரத்தில் சேர்த்துவிடும். ஆனால் என் ஓட்டு, ஏறக்குறைய இரு மடங்கு நேரமெடுக்கும் பெரிய கப்பலுக்கே. மேல்தளத்தில் காற்று வாங்கலாம், குலுக்கலும் குறைவு. நெடுந்தீவுப் படகில் போய்வந்தவர்கள் என்றால் உங்கள் பெற்றோருக்கு இந்த அலையெல்லாம் எம்மாத்திரம்!

உஸ்திகா எரிமலைத் தீவு. சுற்றியுள்ள கடல் 1986 முதல் காப்பகம். அப்பாவுக்கு அரசியல் பிடிக்குமா? இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்ஷியை 1926இல் முசோலினி அரசு காவலில் வைத்தது இங்கேதான். சும்மா இருக்கவில்லை மனிதர். சக கைதிகளோடு பள்ளிக்கூடம் நடத்தினார். அம்மாவுக்குத் தீவின் கரிய எரிமலை மண்ணில் விளையும் பொடிப் பருப்பை வாங்கிக் கொடுங்கள். ஊற வைக்காமலே வேகும். தாளித்துக் கொட்டினால் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

காற்று பலத்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் பெற்றோரின் விமானத்துக்கு முதல் நாள் மட்டும் தீவுக்குப் போகாதீர்கள்.