கமிஷன் வாங்காத தரகர்

ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு என்ற செய்தி பரவியதும், ஜேன் ஆஸ்டினின் 1813-இல் வெளியான நாவலில் வரும் டார்சியை விருந்து மண்டபமே அழகன் என்றது. ஓசூரில் அந்த வேலையை "சிப்காட்ல பர்மனென்ட்" என்ற இரண்டே சொற்கள் செய்துவிடுகின்றன. "கான்ட்ராக்ட்" என்றால் ஜாதகம் பொருந்தாது. பொருந்தினாலும் தரகர் அதைத் தொலைத்துவிடுவார். காதலுக்கும் இங்கே குறைவில்லை. பசுமைக்குடில் ரோஜாக்கள் பிப்ரவரி 14-க்கு முன்பே விமானமேறி வெளிநாட்டுக் காதலர்களிடம் போய்ச் சேருகின்றன. வளர்த்தவர் வீட்டில் பஜ்ஜி, காபியோடு பெண் பார்க்கும் படலம்தான்.

ஆஸ்டின் நாயையும் விடவில்லை. 1814-இல் வந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில், பணக்கார வரனை மறுக்காதே என்று புத்தி சொல்லும் சீமாட்டி பெர்ட்ராம், தன் பக் நாய் அடுத்த முறை குட்டி போட்டால் ஒன்று தருவதாகவும் ஆசை காட்டுகிறார். சோபாவை விட்டு இறங்காத ஜாதி அது.

நம் பக்கத்து நாய்க்கு ராகிக் களியும் பட்டிக் காவலும்தான். ஆனால் மரியாதை பெரிது. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில், 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கால நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்த அதன் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது.

சம்பளச் சீட்டைத் தரகர் பார்க்கட்டும். மாப்பிள்ளை வாசலில் கால் வைக்கும்போது நாய் என்ன செய்கிறது என்பதை நீங்கள் பாருங்கள். அதற்குக் கமிஷன் கிடையாது.